உரிமையாளர் தெரியாத நாற்காலி

உட்கார்ந்தே இருப்பதால் மனிதர்கள் சாகிறார்கள் என்று யாரோ எங்கோ ஓர் ஆய்வில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வை நின்றுகொண்டு செய்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. நகராட்சிக்குச் செய்தி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் வந்ததும் குடிமக்களின் உயிர்மேல் அதற்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நடைபாதைகளில் இருந்த பெஞ்சுகளையெல்லாம் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தையற்கடைக்கு எதிரே பெஞ்சு இருந்த இடத்தில் ஒரு பலகை நட்டார்கள். பலகையில் இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் பல்லெல்லாம் தெரிய ஓடிக்கொண்டிருந்தான். மேலே 'நலமான நகரம்' என்று இருந்தது. கீழே 'உட்காராதீர்கள், நடங்கள்!' மூலையில் கவுன்சிலர் படம். கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார்.

முடிச்சாச்சு சார் பலகையை இரண்டு தடவை படித்தார். அவருக்கு அறுபத்தொன்பது வயது. அதே நகராட்சியின் புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து, சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவர். எந்தப் புகாரைப் பற்றி யார் எப்போது கேட்டாலும் "முடிச்சாச்சு" என்று சொல்வார். பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது மருந்துச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

பெஞ்சு போனதில் அவருக்கு நேரடியாக நஷ்டமில்லை. அவர் முழங்கால் பேசும், ஆனால் அடம் பிடிக்காது. நஷ்டம் அவருடைய அக்காவுக்கு.

அக்காவுக்கு எழுபத்தாறு. ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவர். கத்தி பிடித்த பெரிய பெரிய டாக்டர்களையெல்லாம் "கையக் கழுவினீங்களா?" என்று கேட்டுக் கழுவ வைத்தவர். தெருவின் கிழக்குக் கோடியில் தனியாக இருக்கிறார். தம்பி வீடு மேற்குக் கோடி. காலையில் காபிக்கு ஒரு முறை, மாலையில் டி.வி. செய்தியைத் திட்டுவதற்கு ஒரு முறை, அக்கா நடந்து வருவார், நடந்து போவார். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் அக்காவின் காலால் முந்நூற்றுப் பதினெட்டு எட்டு. நூற்று அறுபத்து நாலாவது எட்டில் பெஞ்சு.

அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. "திறந்த மனசுன்னு வெச்சுக்கோடா" என்பார் அவர். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "கண்டிப்பா நடக்கணும். மூச்சு வாங்கினா உடனே உக்காரணும். சமாளிச்சுக்கலாம்னு நின்னீங்கன்னா, அப்புறம் நான் உங்கள படுக்க வெச்சுதான் பாக்க வேண்டியிருக்கும்." அக்காவுக்கு மூச்சு வாங்குவது சரியாக நூற்று எழுபதாவது எட்டில். அதற்கு ஆறு எட்டு முன்னால் பெஞ்சு. கடவுளும் நகராட்சியும் சேர்ந்து ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள் என்றால் அது இதுதான். அதில் ஒருவர் இப்போது கையைக் கழுவிவிட்டார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அக்காவின் மணிக்கட்டில் ஒரு கடிகாரம் இருந்தது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. மணி காட்டுவது அதற்கு உபதொழில். முக்கியத் தொழில் கோள் மூட்டுவது. அம்மா எத்தனை எட்டு நடந்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், நாடி எவ்வளவு என்று ஒன்று விடாமல் மகனுடைய போனுக்கு அனுப்பிவிடும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி செய்துகொண்டிருந்த வேலையை இப்போது பேட்டரி செய்கிறது.

பெஞ்சு இருந்தவரை அக்காவின் கணக்கு தினசரி ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். பெஞ்சு போன வாரம் நானூற்றுப் பத்து. மகன் போன் செய்தான். அம்மாவுக்கு இல்லை, மாமாவுக்கு.

"மாமா, அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்களா?"

"டேய் மருமகனே, அவ நல்லா திட்டிட்டு இருக்கா. அது உன் கடிகாரத்துல வராதா?"

"டேட்டா பொய் சொல்லாது மாமா. எழுபத்தஞ்சு பர்சன்ட் குறைஞ்சிருக்கு."

"டேட்டா பொய் சொல்லாதுடா. ஆனா பெஞ்ச எடுத்துட்டாங்கன்னும் சொல்லாது."

மகன் நல்லவன். நல்லவர்களிடம் உள்ள கஷ்டம், அவர்கள் முடிவெடுத்துவிடுவார்கள். மாதத்தின் கடைசி வாரத்தில் சராசரி ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இருந்தால் அம்மாவைத் தன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் வளாகத்தில் சேர்த்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தான். அங்கே இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் உண்டு, குளியலறையில் வழுக்காத தரை உண்டு, வளாகத்துக்குள்ளேயே தோட்டம் உண்டு. அங்கே ஓர் இடத்துக்கு அம்மாவின் பெயரைக்கூடக் கொடுத்து வைத்துவிட்டான்.

அக்கா அந்த வளாகத்தைப் போன வருடம் ஒரு முறை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நாலு மணிக்கு எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சு பந்து தூக்கிப் போடறாங்கடா. பிடிச்சா கை தட்டறாங்க. நான் ஒருத்தன் வயித்துக்குள்ள மறந்து வெச்சுத் தைக்க இருந்த பஞ்ச எண்ணிப் பாத்துக் கண்டுபிடிச்சவ. அப்ப ஒருத்தனும் கை தட்டல. இப்ப பந்துக்குத் தட்டறானுங்க."

"நர்ஸ் இருக்காங்களேக்கா."

"இருக்கா. என் நாடிய அவ கட்டை விரலால பிடிச்சா, எண்ணினது அவ விரல்ல ஓடற நாடிய. அங்க போயி நான் செத்தா, அது வியாதில இல்ல, வயித்தெரிச்சல்ல."

மாதக் கடைசிக்கு இருபத்து நாலு நாள் இருந்தது.

முடிச்சாச்சு சார் சட்டப்படி நடப்பவர். முதலில் புகார் கொடுத்தார். முன்பெல்லாம் புகார் கொடுக்க வெள்ளைத் தாள், நீண்ட வரிசை, ஜன்னலுக்குப் பின்னால் முகம் சுளிக்கும் ஓர் ஆள் என்று மூன்றும் வேண்டும். அந்த ஆளாக அவரே இருபது வருடம் இருந்திருக்கிறார். இப்போது நகராட்சிக்கு ஆப் வந்துவிட்டது. முகம் சுளிப்பதையும் அதுவே செய்கிறது. பலகை, பெஞ்சு இருந்த இடத்தின் போட்டோ, அக்காவின் வால்வு பற்றி டாக்டர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினார்.

நாலு நிமிடத்தில் பதில் வந்தது.

'தங்கள் புகார் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு, தக்க நடவடிக்கைக்குப் பின் முடித்து வைக்கப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?'

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நட்சத்திரத்தைத் தவிர மற்றதெல்லாம் அவருடைய வாக்கியம். ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், பசியில் எழுதியது. 'தக்க நடவடிக்கை என்றால் என்ன' என்று அந்தக் காலத்தில் யாராவது திரும்பி வந்து கேட்டால் "தக்கது" என்று சொல்லி அனுப்புவார். அவர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வாக்கியத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு கணம் அவருக்குப் பிள்ளை பரீட்சையில் தேறிய பெருமை வந்தது. அடுத்த கணம்தான் அந்தப் பிள்ளை உதைத்தது தன்னை என்று உறைத்தது.

அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா வீடியோவில் வந்தார். அதாவது அவருடைய நெற்றியும் மின்விசிறியும் வந்தன.

"என்னடா ஆச்சு?"

"முடிச்சு வெச்சுட்டாங்கக்கா."

"பெஞ்ச வெச்சுட்டாங்களா?"

"பெஞ்ச இல்ல. புகார."

"உன் வாசகமா?"

"ஒரு எழுத்து மாறல."

நெற்றி சுருங்கியது. "வினை விதைச்சவன் வினை அறுப்பான்னு சும்மாவா சொன்னாங்க. விதைச்சது நீ. அறுவடைக்கு மட்டும் ஏன்டா என்னக் கூப்பிடறாங்க?"

மேலும் ஆறு புகார் கொடுத்தார். ஆறும் முடித்து வைக்கப்பட்டன. ஒன்று அவர் அனுப்பி முடிப்பதற்குள்ளேயே.

அக்கா வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தார். கூடம் பதினோரு எட்டு. பதினோரு எட்டுக்கு ஒரு முறை திரும்ப வேண்டும். முப்பதாவது திருப்பத்தில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தார். கடிகாரம் உடனே 'நீங்கள் விழுந்துவிட்டீர்களா?' என்று கேட்டது. அக்கா அதற்குப் பதில் சொன்னார்தான், ஆனால் கடிகாரத்துக்குப் புரியும் பாஷையில் சொல்லவில்லை. அது மகனுக்கு அபாயச் செய்தி அனுப்பி, அவன் ஒரு மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடி, ஆம்புலன்ஸ் வரைக்கும் போய்விட்டது விஷயம்.

"கடிகாரத்தக் கழட்டி மின்விசிறில கட்டிடலாமாக்கா?" என்று முடிச்சாச்சு சார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மின்விசிறிக்கு நாடி கிடையாதுடா. ஆயிரத்து ஐந்நூறு எட்டு நடந்த பொணம்னு ரிப்போர்ட் போகும். அதோட, நான் நடக்கணும். கடிகாரத்துக்காக இல்ல. படுத்தா எந்திரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். இந்த மாதிரி ஆயிரம் பேரப் பாத்தவ நான்."

அக்கா அதைத் திட்டாமல் சொன்னார். அதுதான் தம்பிக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைக்குப் பக்கத்தில் போட்டார். அக்கா கிளம்புவதற்கு முன்னாலேயே ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வந்துவிட்டது. குழாய் உடைந்து தெரு குளமானபோது பதினேழு நாள் கழித்து வந்த அதே நகராட்சி, நாற்காலிக்கு நாற்பது நிமிடத்தில் வந்தது.

"நாலு பேர் வந்தாங்க சார்" என்றார் தையல்காரர். அவர் கடை வாசலில் உட்கார்ந்தே தெருவின் வரலாற்றை அறிந்தவர். கழுத்தில் டேப்பு, வாயில் ஊசி. ஊசியோடேயே பேசுவார். "ஒருத்தர் நாற்காலியத் தூக்கினாரு. ஒருத்தர் போட்டோ எடுத்தாரு. ஒருத்தர் எழுதினாரு."

"நாலாவது ஆளு?"

"அவரு அந்த நாற்காலில உக்காந்துட்டுப் போனாரு. வண்டில எடம் இல்ல."

முடிச்சாச்சு சார் அலுவலகம் போய் 'இந்த நாற்காலி என்னுடையதுதான், இனி பொது இடத்தில் போடமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டு அதை மீட்டு வந்தார். இருபத்து நாலு நாளில் ஒன்பது நாள் போயிருந்தது.

திரும்பி வரும் வழியில், நூலகச் சுவருக்குப் பக்கத்தில் அவர் நின்றுவிட்டார். சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. சைக்கிள் என்பது பழக்கத்தில் சொல்வது. இரண்டு சக்கர வளையம், ஒரு கைப்பிடி, உள்ளே புகுந்து வெளியே வந்த ஒரு கொடி. சுவருக்கு வெள்ளையடித்தபோது சைக்கிளுக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள்.

அந்தச் சைக்கிளை அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய கோப்பு.

விஷயம் இதுதான். ரொம்ப வருடத்துக்கு முன்னால் தெருவில் கிடந்த ஓர் அலமாரியைச் சுகாதாரப் பிரிவு தூக்கிப்போய் உடைத்துவிட்டது. பிறகு அலமாரிக்காரர் வக்கீலோடு வந்து நின்றார். கமிஷனர் நடுங்கிப்போய், இனி இப்படி நடக்காதபடி ஒரு விதி எழுதச் சொன்னார். எழுதியது முடிச்சாச்சு சார். 'உரிமையாளர் தெரியாத பொருள் எதுவும், தொடர்புடைய துறைகள் அனைத்தும் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் வரை, இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தப்படக் கூடாது.' அப்புறம் வந்ததுதான் சைக்கிள். சாலைப் பிரிவு அது சுவரில் சாய்ந்திருப்பதால் கட்டடப் பிரிவுடையது என்றது. கட்டடப் பிரிவு அதற்குச் சக்கரம் இருப்பதால் சாலைப் பிரிவுடையது என்றது. அவர் வாழ்க்கையில் முடித்து வைக்க முடியாமல் போன ஒரே கோப்பு. விடைபெறும் கூட்டத்தில் அதைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

அவர் சைக்கிளை அன்போடு பார்த்தார். ஒருவருடைய பொருள் என்றால் ஆக்கிரமிப்பு, நாற்பது நிமிடம். யாருடைய பொருளும் இல்லை என்றால் கோப்பு, சிரஞ்சீவி. என் வாக்கியத்தை அப்படியே எடுத்து ஆப்புக்குள் போட்டவன் என் விதியை மட்டும் விட்டிருப்பானா என்ன?

அன்று மாலை அவர் அக்கா வீட்டுக்கு நடந்தே போனார்.

"உங்கிட்ட கனமான நாற்காலி ஏதாவது இருக்காக்கா? காத்துக்கு நகரக் கூடாது. பிளாஸ்டிக் வேணாம்."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அத்தானுடைய நாற்காலி இருந்தது. தேக்கு. கை வைத்தது. அத்தான் இருபத்தெட்டு வருடம் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நாலு வருடத்துக்கு முன்னால் அதிலிருந்து எழுந்து படுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் "இடத்த அடைச்சுக்கிட்டு" என்று அக்கா திட்டுவார். ஒரு நாளும் நகர்த்தியதில்லை.

"அது வேணாம்க்கா."

"ஏன்? அதுக்கு மட்டும் வளாகத்துல எடம் பாத்து வெச்சிருக்கானா உன் மருமகன்? நான் போனா இத விறகுக்குத்தான் போடுவான். சொல்லு, என்ன பண்ணணும்?"

"தெருவுல போடணும். அப்புறம் இது உன்னோடதுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும். எப்பவும்."

அக்கா நாற்காலியின் கையில் இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். "அந்த மனுஷன் இருக்கும்போதே இது என்னோடதுன்னு சொல்ல முடிஞ்சதில்லடா. ஒரு நாள் உக்கார விட்டதில்ல. எடுத்துட்டுப் போ."

மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிச்சாச்சு சாரும் தையல்காரரும் நாற்காலியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்து, நூற்று அறுபத்து நாலாவது எட்டில், ஓடும் வாலிபனுக்குக் கீழே வைத்தார்கள். பிறகு தையல்காரர் போய்க் கடையைத் திறந்தார். முடிச்சாச்சு சார் ஆப்பைத் திறந்தார். 'சந்தேகத்துக்கிடமான பொருள்' என்று ஒரு பிரிவு இருந்தது. அதைத் தொட்டால் போலீஸும் நாயும் வரும். அதைத் தாண்டி, தாண்டி, திரையின் அடியில், யாரும் தொடாத இடத்தில் அது இருந்தது: 'உரிமையாளர் தெரியாத பொருள்.' அவருக்குக் கண் கலங்கியது. வயதானால் அப்படித்தான், கண்ணில் நீர் வடியும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

நாலு நிமிடம் ஆயிற்று. பதில் வரவில்லை. பத்து நிமிடம். வரவில்லை. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கள அலுவலர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதுப் பெண். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் டேப்லெட், முகத்தில் இன்றைக்குள் முடிக்க வேண்டிய இருபத்தாறு புகார்.

"புகார் குடுத்தது நீங்களா சார்?"

"ஆமாம்மா. பொறுப்புள்ள குடிமகன்."

"நாற்காலி யாரோடது?"

"தெரிஞ்சா ஏம்மா புகார் குடுக்கப் போறேன்?"

"எப்ப வந்துச்சு?"

"கடை தொறக்கும்போதே இங்கதான் இருந்துச்சு மேடம்" என்றார் தையல்காரர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கள அலுவலர் டேப்லெட்டைத் தேய்த்தார். "இதே எடத்துல போன வாரம் ஒரு நாற்காலி எடுத்திருக்கோம். அதுல உங்க கையெழுத்து இருக்கே சார்."

"அது என்னோடது. அதான் எடுத்தீங்க, நானும் கையெழுத்து போட்டேன். இத எடுத்தா யார்கிட்டம்மா கையெழுத்து வாங்குவீங்க?"

அவர் யோசித்தார். டேப்லெட்டை இன்னொரு முறை தேய்த்தார். புருவம் ஏறியது. "முடிக்கற பட்டன் வேலை செய்யல."

"செய்யாதும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வயசாயிடுச்சில்ல. சிலது தானா தெரிஞ்சுடும்."

அப்போது கிழக்கிலிருந்து அக்கா வந்தார். பெஞ்சு போன பிறகு முதல் முறையாகத் தெருவில் இறங்கியிருந்தார். நூற்று ஐம்பதிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. யாரையும் பார்க்காமல், எதுவும் கேட்காமல், நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அம்மா! இது விசாரணையில இருக்கற பொருள்!"

அக்கா ஒரு கையை உயர்த்தி, பொறு என்று காட்டினார். மூச்சு திரும்ப ஒரு நிமிடம் ஆயிற்று. "நானும் அப்படித்தாம்மா. மாசக் கடைசி வரைக்கும்."

"இதுல உக்காரக் கூடாதுன்னு நினைக்கறேன்..."

"நினைக்காதீங்க. படிங்க" என்றார் முடிச்சாச்சு சார்.

கள அலுவலர் படித்தார். நகர்த்தக் கூடாது. மறைக்கக் கூடாது. நிறம் மாற்றக் கூடாது. பிரிக்கக் கூடாது. உட்காருவதைப் பற்றி ஒன்றும் இல்லை. விதி எழுதிய நாளில் மனிதர்கள் உட்காருவது ஒரு பிரச்சினையாக யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் நிமிர்ந்தபோது அக்காவின் இடது கை நாற்காலிக் கையின் அடியில் போயிருந்தது. அங்கே மரத்தில் ஒரு சின்னப் பள்ளம். இருபத்தெட்டு வருடம் ஒரு கட்டை விரல் தேய்த்த பள்ளம். அக்காவின் விரல் அதில் போய் உட்கார்ந்திருந்தது. பார்த்து வைத்ததல்ல.

"உங்களுக்கு இந்த நாற்காலிய முன்னாடியே தெரியுமாம்மா?"

தையல்காரர் தையலை நிறுத்தினார். முடிச்சாச்சு சார் அவசரமாகக் கவுன்சிலர் படத்தைப் பார்த்தார். உரிமையாளர் கிடைத்துவிட்டால் விதி முடிந்தது. நாற்பது நிமிடம், ஒரு வண்டி, நாலு பேர். அப்புறம் வட்டம், பந்து, கைத்தட்டல்.

அக்கா விரலை எடுக்கவில்லை.

"நாற்காலின்னா அப்படித்தாம்மா" என்றார். "உக்காந்த உடனே ரொம்ப நாள் நம்மளோடதா இருந்த மாதிரி தோணும். இதோ இவரப் பாருங்க." பலகையின் மூலையைக் காட்டினார்.

கள அலுவலர் கவுன்சிலரைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. வேலை நேரம் என்பதால் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அப்புறம் பள்ளத்தில் இருந்த விரலையும், நீலம் தெளியாத உதட்டையும், முடிச்சாச்சு சாரின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். தெரிந்துகொண்டாரா என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பிற துறை நிலுவைன்னு போட்டா, என்னோட முடிக்காத கணக்குல வராது சார்."

"அதான் முறை" என்றார் முடிச்சாச்சு சார். "சாலைப் பிரிவுக்கும் சுகாதாரத்துக்கும் போடுங்க. மரம்கறதால பூங்காப் பிரிவுக்கு ஒரு நகல். நல்லா இருப்பீங்க."

நாற்காலியின் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. 'விசாரணையில் உள்ளது. அகற்றினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' முப்பத்திரண்டு வருடத்தில் முடிச்சாச்சு சார் நகராட்சியின் ஒரு மிரட்டலை இவ்வளவு ரசித்ததில்லை.

அக்கா தினமும் வந்தார். காலை காபி, மாலை செய்தி. முதல் வாரம் பேராசையில் மூன்று தடவை வந்தார். மாதத்தின் கடைசி வாரத்தில் சராசரி ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று. மகன் மாமாவுக்குப் போன் செய்தான்.

"திடீர்னு எப்படி மாமா ஏறிச்சு? அம்மா ஏதாவது புது மருந்து சாப்பிடறாங்களா?"

"தேக்குடா மருமகனே."

"அது என்ன மாமா, ஆயுர்வேதமா?"

"அந்த மாதிரிதான். வெளிப் பிரயோகம்."

வளாகத்துக்குக் கொடுத்த பெயரை அவன் வாபஸ் வாங்கவில்லை, தள்ளிப் போட்டான். அவனும் ஒரு வகையில் நிலுவையில் வைத்தான். அந்தக் குடும்பத்து ரத்தம்.

விசாரணை நன்றாக நடந்துகொண்டிருக்கிறது. சாலைப் பிரிவு, நாற்காலிக்குச் சக்கரம் இல்லாததால் தனக்குத் தொடர்பில்லை என்று எழுதியது. சுகாதாரப் பிரிவு, உட்காருவது ஆரோக்கியத்துக்கு எதிரானது என்பதால் நாற்காலி தன் கொள்கைக்கு முரணானது என்று எழுதியது. பூங்காப் பிரிவு, மரம் உயிரோடு இருக்கும்போதுதான் தன்னுடையது என்றது. ஆனால் விசாரணை முடிவதற்குள் பொருள் களவு போனால் யார் பொறுப்பு என்று மூன்று பிரிவுக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தது. ஒரு காலை இரண்டு பேர் வந்து நாற்காலியின் நாலு காலையும் நடைபாதையில் போல்ட் போட்டு முறுக்கினார்கள். அடுத்த வாரம், சாட்சியம் மழையில் நனையக் கூடாது என்று மேலே ஒரு தகரம் போட்டார்கள். தகரத்துக்குத் தூண் வேண்டும் என்பதால் ஓடும் வாலிபனின் பலகையையே பின்னால் சாய்த்துக் கட்டினார்கள். இப்போது அவன் அக்காவுக்கு நிழல் கொடுத்தபடி ஓடுகிறான். நகரத்திலேயே நிழலும் போல்ட்டும் உள்ள ஒரே இருக்கை அதுதான்.

நூலகத்துப் பக்கம் உரிமையாளர் தெரியாத ஒரு ஸ்டூலும், கிளினிக் வாசலில் உரிமையாளர் தெரியாத ஒரு சோபாவும் கண்டெடுக்கப்பட்டதாகத் தையல்காரர் சொன்னார். சோபாவைப் பற்றி முடிச்சாச்சு சாருக்கு எதுவும் தெரியாது. ஸ்டூலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

நேற்றுக் காலை அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தம்பி எதிர்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். அவருடைய போன் ஒலித்தது. ஆப்.

"என்னடா சொல்றான்?"

"தங்கள் புகார் நிலுவையில் உள்ளது. தாமதத்துக்கு வருந்துகிறோம்." அவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

அக்காவின் மணிக்கட்டு கிர்ரென்று அதிர்ந்தது. கடிகாரத்தில் ஒரு சின்ன மனிதன் கையை ஆட்டினான். 'எழுந்து நிற்கும் நேரம்!'

அக்கா இடது கையால் அடியில் இருந்த பள்ளத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார்.

"உன் கோரிக்கை பரிசீலனையில இருக்கு" என்றார்.